எங்கள் கம்பெனி எடுத்த ஒரே படம்

அறுபதுகளில் செஞ்சியில் சினிமா கம்பெனி வைத்திருந்தேன் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. அன்றைக்கும் நம்பவில்லை. வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கும் எங்கள் மல்லாட்டைக் கொட்டகையின் முகப்பில் போர்டு மாட்டிய முதல் வாரம் முழுக்க, கையில் கூடையோடு பெண்கள் வந்து நின்று, மேல்மலையனூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் கம்பெனி என்றால் பஸ் கம்பெனிதான். இது படம் எடுக்கிற கம்பெனி, படம் எடுக்கத் தேவையான சாமான்களை வாடகைக்கு விடுகிற கம்பெனி என்று நான் விளக்கினேன். ஒரு அம்மாள் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, பஸ்ஸு எப்ப வரும்?" என்றாள். அதற்குப் பிறகு நான் பஸ் நேரங்களை விசாரித்து மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன். கம்பெனியை நாடி வந்தவர்களுக்கு எங்களால் கொடுக்க முடிந்தது ஆரம்பத்தில் அது ஒன்றுதான்.

அதற்கு முன் எனக்கு வாடகை சைக்கிள் கடை. மணிக்கணக்கில் சைக்கிள் கொடுப்பேன். போகும்போது மணியடித்துக்கொண்டு போகும் சைக்கிள், வரும்போது மணி இல்லாமல் வரும். பொருள் நம்முடையது, அதைக் கெடுக்கும் உரிமை எடுத்துப்போகிறவனுடையது என்பதுதான் வாடகைத் தொழில். அதில் எனக்குப் பழக்கம் இருந்தது. சினிமாவில் எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை, ஆசையும் இல்லை. ஆசை முழுக்க மச்சானுடையது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். படம் ஓட்டும் அறையின் சின்ன ஓட்டை வழியாக ஒவ்வொரு படத்தையும் நூறு தடவையாவது பார்த்திருப்பார். அத்தனை தடவை பார்த்தவனுக்கு அதை எடுத்தவனைவிட அதிகம் தெரியும் என்பது அவர் கட்சி. அந்த டாக்கீஸ் இழுத்து மூடப்பட்டபோது அவருக்கு வேலை போயிற்று, கட்சி மட்டும் மிஞ்சியது.

அப்போது மெட்ராஸிலிருந்து ராஜா படம் எடுக்கிறவர்கள் கோட்டைக்கு அடிக்கடி வருவார்கள். கிரீடம், வாள், நடிகை எல்லாவற்றையும் மறக்காமல் கொண்டுவந்துவிடுவார்கள். ஏணி, கயிறு, பலகை, குடை என்று ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு வந்து கடைவீதியில் அலைவார்கள். அப்படி ஒருவர் ஏணிக்காக அலைந்ததைப் பார்த்த அன்றுதான் மச்சான் என் சைக்கிள் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, சைக்கிள வாடகைக்கு உடற. கேமராவ உட்டா இன்னா?"

"கேமராவுக்கு எங்க போறது மச்சான்?"

"அது எங்கிட்ட உடு," என்றார்.

எங்கள் பங்குக் கோயிலில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார் வயதாகித் தன் நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவரிடம் சாவி கொடுத்தால் ஓடுகிற சின்ன சினிமா கேமரா ஒன்றும், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் எங்களுக்குக் கர்த்தரின் பாடுகள் படம் போட்டுக் காட்டிய புரொஜக்டர் ஒன்றும் இருந்தன. மச்சான் இரண்டையும் வாங்கிவிட்டார். மூடிப்போன டாக்கீஸின் ஜெனரேட்டரையும் வாங்கினார். நான் பாதி சைக்கிள்களை விற்றேன். கேமராவுக்குச் சத்தம் பிடிக்கத் தெரியாது. ஊமைக் கேமரா. ஜெனரேட்டர் அதற்கும் சேர்த்துச் சத்தம் போட்டது.

முகத்தில் வெளிச்சம் திருப்பிவிடப் பலகைகள் வேண்டும் என்றார் மச்சான். டீத்தூள் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளை உரித்துப் பலகையில் ஒட்டினோம். டைரக்டர் உட்கார மடக்கு நாற்காலி வேண்டும் என்றார். ஆசாரியிடம் சொன்னோம். அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்பதால் மச்சான் தரையில் படம் போட்டுக் காட்டினார். கித்தான் துணி போட்டு, முதுகில் பாதிக்குத்தான் சாய்மானம் வருகிற மாதிரி ஒரு நாற்காலி வந்து சேர்ந்தது. மச்சான் சாய்மானத்தின் பின்பக்கம் 'டைரக்டர்' என்று எழுதினார். மெட்ராஸ்காரர்கள் எல்லோரும் அவரவர் நாற்காலியோடு வந்ததால் அதை யாரும் வாடகைக்கு எடுக்கவே இல்லை. அது கொட்டகையில் ஒரு மூலையில் விரித்தபடி இருந்தது.

கொட்டகை எங்கள் நைனாவுடையது, அதாவது அப்பாவுடையது. நைனாவைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

மல்லாட்டைதான் அவருக்கு வெள்ளாமை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், மற்ற நாட்களில் மல்லாட்டைக் கொல்லைக்குப் போவார். எதைக் கேட்டாலும் "ம்" என்பார். வெளியாட்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு ஏமாந்திருக்கிறார்கள். 'ம்' என்றால் காது கேட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். சரி என்றால் தலையாட்டுவார். மேலிருந்து கீழே, மெதுவாக, ஒரே தடவை. அந்தத் தலை ஆடாமல் எங்கள் வீட்டில் மாடு வாங்கியதில்லை, கூரை மாற்றியதில்லை. என் கல்யாணப் பேச்சின்போது பெண் வீட்டார் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, நைனாவின் தலையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். தபசு காலம் தொடங்கி, முடிந்து, பாஸ்காத் திருநாளும் போன பிறகுதான் தலை ஆடியது. அதற்குள் எனக்குக் கல்யாணமே வெறுத்துப் போயிருந்தது.

கம்பெனிக்காகக் கொட்டகையைக் கேட்டபோதும் "ம்" என்றார். நான் தலை ஆடட்டும் என்று காத்திருந்தேன். என் கல்யாணப் பேச்சுக்கு டாக்கீஸை விட்டு ஒருநாளும் வராத மச்சானுக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியாது. 'ம்' என்பதைக் காதில் வாங்கிக்கொண்டு மறுநாளே போர்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். நைனா கொல்லையிலிருந்து வந்து, தோளில் மண்வெட்டியோடு நின்று போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். "ம்" என்றார். உள்ளே போய் மல்லாட்டை மூட்டைகளை ஒரு பக்கமாக நகர்த்தி அடுக்கினார். டைரக்டர் நாற்காலியில் ஒருநாளும் உட்காரவில்லை. மூட்டை மேல்தான் உட்காருவார். ஆக, எங்கள் வீட்டுச் சட்டப்படி அது அனுமதி இல்லாத கம்பெனி. எனக்கு அது உள்ளூர உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் முதல் பெரிய ஆர்டர் குதிரை. ராஜா படம் எடுக்க வந்த ஒரு கம்பெனிக்குப் படையெல்லாம் வந்துவிட்டது, குதிரை ஏற்றிய லாரி மட்டும் வழியில் எங்கோ படுத்துவிட்டது. அதன் மானேஜர் கொட்டகைக்கு வந்து, "குதிரை இருக்கா?" என்றார். குதிரை சினிமா சாமானில் சேருமா என்று நான் யோசிப்பதற்குள் மச்சான், "இருக்குது சார்" என்று சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, அங்கே நின்ற ஜட்கா வண்டிகளை அவிழ்த்துப் போட்டு, குதிரைகளை மட்டும் கோட்டைக்கு ஓட்டிப்போனோம்.

எதிரிப் படை வேலும் கேடயமுமாகப் பாதையோரம் நிற்கிறது, நம் குதிரைகள் பாய்ந்து வந்து அதைச் சிதறடிக்க வேண்டும் என்பது காட்சி. பாய்ந்துதான் வந்தன. முதல் எதிரியைக் கண்டதும் நின்றுவிட்டன. பாதையோரத்தில் ஒருவன் கையில் சாமானோடு நின்றால் ஜட்காக் குதிரைக்கு அது சவாரி. அவன் ஏறட்டும் என்று நின்றன. அவன் ஏறவில்லை என்றதும் அடுத்த எதிரியிடம் போய் நின்றன. மானேஜர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். கடைசியில் எதிரிகளைப் பாறைக்குப் பின்னால் ஒளித்து வைத்து, குதிரைகள் தாண்டிப் போன பிறகு எழுந்து வந்து விழச் சொன்னார்கள். படம் வந்தபோது திண்டிவனத்துக்குப் போய்ப் பார்த்தோம். எதிரிகள் யாரும் தொடாமலே செத்துப்போனார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள்.

வாடகைப் பிழைப்பு இப்படி ஓடியது. படம் எடுக்கும் பிழைப்பு ஓடவில்லை. மச்சான் மெட்ராஸிலிருந்து வாங்கிவந்த பிலிம் சுருள் ஒன்று இருந்தது. வெயிலுக்குக் கெட்டுப்போகாமலிருக்க அதைத் தகர டப்பாவில் போட்டு, ஈர மணலில் புதைத்த பானைக்குள் வைத்திருந்தார். தினமும் பானையைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார். அதில் எடுக்கப்போகும் கதை வாரத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. நான் எந்தக் கதைக்கும் மறுப்புச் சொல்லவில்லை. சுருள் பானைக்குள் இருக்கிற வரையில் நஷ்டம் இல்லை என்பது என் கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கைக்கு வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தவள். அந்த அம்மாமார்கள்தான் எழுதிப்போட்டு வாங்கிக் கொடுத்தார்கள். ஜூன் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். அவளுக்கு வேறு எதிலும் ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் எங்கள் ஆட்டுக்குட்டிகளின் காலுக்கெல்லாம், அடிபடாவிட்டாலும் கட்டுப்போட்டு விடுவாள்.

ஒரு மாலை நைனாவுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே நின்று கேட்டாள்.

"நைனா, வேலூருக்குப் போவட்டுமா?"

"ம்," என்றார் நைனா.

அம்மாவிடம் போனாள். அம்மாவுக்கு அவளை அனுப்ப மனம் இல்லாமல் இல்லை. பயம். கல்யாணமாகாத பெண்ணை அத்தனை தூரம் அனுப்பி, நாளைக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்ற பயம்.

"நைனா தலையாட்டட்டும்," என்றாள் அம்மா. "அவரு ஒரு தலையாட்டு ஆட்டிட்டா நானே பொட்டி கட்டி அனுப்பறேன். ஆட்டாம இந்தப் பொண்ணு படி தாண்டக் கூடாது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் நைனாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பிடும்போது பார்த்தோம், பூசையில் பார்த்தோம். ஈ உட்கார்ந்து அவர் தலையைச் சிலுப்பினால்கூட தங்கை எழுந்து நின்றுவிடுவாள். நைனாவுக்கு இது தெரிந்தே இருக்க வேண்டும். அவர் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தார். என் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்ட காலத்தை இதற்கும் எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தோம்.

மே மாதத்தில் ஒருநாள் காலை, கிணற்றடியில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, குடும்பமே சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கம். நைனா தன் ஆயுளில் ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. என் கல்யாண போட்டோவில்கூட அவர் இல்லை. கேட்டதற்கு "ம்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அதனால் இந்த ஒரு படமாவது வேண்டும் என்று அம்மா அழுதாள். ஊரில் இருந்த ஒரே போட்டோக்காரர் கல்யாணத்துக்குப் படம் எடுக்கத் திண்டிவனம் போயிருந்தார். சாவுக்கென்று அவர் வைத்திருந்த சாய்வு நாற்காலியும் அவர் கடைக்குள் பூட்டிக் கிடந்தது.

மச்சான் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ள, பானையில இருக்கற சுருள எடுத்துடறேன்."

அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நான் முதலில் அழுதது அப்போதுதான்.

வீட்டில் ஸ்டூலும் பெஞ்சும்தான் உண்டு. ஆகவே கொட்டகையிலிருந்து டைரக்டர் நாற்காலி வந்தது. உயிரோடு இருந்தவரை உட்காராத நாற்காலியில் நைனாவை உட்கார வைத்தோம். மார்பைச் சுற்றி வேட்டியால் சாய்மானத்தோடு கட்டினோம். உடம்பு நின்றுவிட்டது. தலை நிற்கவில்லை. சாய்மானம் பாதி முதுகோடு முடிந்துவிட்டதால் தலைக்கு ஆதாரம் இல்லை, முன்னால் கவிழ்ந்தது.

வாசல் சுவர் முழுக்க வறட்டி தட்டியிருந்தது. பின்னணி சரியில்லை என்று மச்சான் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு மூங்கில் நட்டு ஒரு போர்வையைக் கட்டினார். தலைக்கும் அவரே வழி சொன்னார். நெற்றியைச் சுற்றி வெள்ளைத் துணியைப் பட்டையாகக் கட்டி, அதன் நுனியைப் போர்வையில் கிழித்த ஓட்டை வழியாகப் பின்பக்கம் விட்டு, சுவரிலிருந்த ஜன்னல் கம்பியில் இழுத்துக் கட்டிவிட்டால் தலை நிமிர்ந்து நிற்கும். நெற்றித் துணியை மறைக்க மேலே தலைப்பாகை சுற்றினோம்.

"யாராவது பின்னால போயி கம்பியில கட்டுங்க," என்றார் மச்சான்.

தங்கை போனாள். கட்டுப்போடுவது என்றால் எங்கள் வீட்டில் அவள்தான். போர்வைக்குப் பின்னால் போனவளின் குரல் மட்டும் வந்தது.

"ஆச்சு, எடுங்க."

நைனாவின் தலை நிமிர்ந்தது. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சுற்றிலும் சித்தப்பா, அத்தைகள், பிள்ளைகள். இரண்டு பேர் வெள்ளித் தாள் பலகைகளைப் பிடித்து நைனாவின் முகத்தில் வெயிலைத் திருப்பினார்கள். அவர் முகம் அத்தனை வெளிச்சத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.

மச்சான் கேமராவுக்குச் சாவி கொடுத்தார். கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு, எல்லா போட்டோக்காரர்களும் சொல்வதை அவரும் சொன்னார்.

"யாரும் ஆடாதீங்க."

நாங்கள் ஆடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூட இமைக்காமல் நின்றோம். கேமரா கிரு கிரு என்று ஓடியது. சாவி தீர்ந்ததும் மறுபடி கொடுத்தார், மறுபடி "ஆடாதீங்க" என்றார், நாங்கள் மறுபடி கல்லாய் நின்றோம். இப்படியே சுருள் தீரும் வரை நின்றோம். அசைவதைப் பிடிப்பதற்கென்றே செய்த கேமரா அது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை வாங்கி, துடைத்து, ஈர மணலில் புதைத்த சுருளுக்குத் தினம் தண்ணீர் தெளித்த மனிதருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலையே அடக்கம் ஆயிற்று. தங்கை அழவில்லை. கோயிலிலும் அழவில்லை, கல்லறையிலும் அழவில்லை. ஊரார் அதைக் கவனித்தார்கள். "இன்னா பொண்ணு இது, கல்லு மாதிரி நிக்குது," என்று ஒரு அத்தை என் காதுபடவே சொன்னாள். இடம் போகப்போகிற கோபத்தில் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். எனக்கு அவள்மேல் வருத்தமாகக்கூட இருந்தது.

அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "சொல்லாமலே பூட்டாரு. இனிமே யாரு சொல்றது?" வேலூர்ப் பேச்சு அதோடு நின்றது. என்னால் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ உன் கம்பெனிக்கே அவருகிட்ட சம்மதம் வாங்கல," என்றாள். தங்கை தன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

சுருளை மெட்ராஸுக்குக் கழுவ அனுப்பினோம். முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் வந்துவிட்டது. பூசை முடிந்து, உறவினர்கள் சாப்பிட்டு எழுந்ததும், மத்தியானம் கொட்டகைக் கதவைச் சாத்தி, வெளிச்சம் வரும் சந்துகளில் சாக்குத் துணியை அடைத்தோம். மல்லாட்டை மூட்டைகள்மேல் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மாவையும் தங்கையையும் முன்னால் உட்கார வைத்தேன். மச்சான் ஜெனரேட்டரை ஓடவிட்டு வந்து, புரொஜக்டரைப் போட்டார்.

திரையில் நாங்கள் எல்லோரும் நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம்.

"படம் நின்னு போச்சா?" என்று சித்தப்பா கேட்டார்.

"ஓடுதுங்க," என்றார் மச்சான். குரல் இறங்கிப்போயிருந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. நைனாவின் பின்னால் போர்வை காற்றில் லேசாக ஆடியது. ஒரு கோழி இடப்பக்கமிருந்து வந்து, அம்மாவின் காலடியில் கொத்திவிட்டு, வலப்பக்கம் போயிற்று. கோழியைப் பார்த்ததும்தான் இது சினிமாதான் என்று உறவினர்கள் ஒப்புக்கொண்டார்கள். உயிரோடிருந்த நாங்கள் ஒருவர்கூட அசையவில்லை. அந்தக் கூட்டத்தில் செத்தவர் யார் என்று வெளியாளிடம் கேட்டிருந்தால் அவன் திணறியிருப்பான். எனக்கு அவமானமாக இருந்தது. இதற்கா மச்சான் தன் சுருளைக் கொடுத்தார் என்று மனசு கனத்தது.

அப்போது நைனா தலையாட்டினார்.

மேலிருந்து கீழே, மெதுவாக. பிறகு தலை நிமிர்ந்தது. சிறிது நேரம் கழித்து இன்னொரு தடவை.

ஜெனரேட்டர் மட்டும் வெளியே கத்திக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து நின்றாள். அவள் தலையின் நிழல் திரையில் விழுந்து நைனாவின் மார்பை மறைத்தது.

"ஆட்டுனாரு," என்றாள். "பாத்தீங்களாடா, ஆட்டுனாரு. இன்னொருவாட்டி போடு."

மச்சான் சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபடி போட்டார். நாங்கள் நின்றோம், கோழி போயிற்று, நைனா தலையாட்டினார். அம்மா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். தங்கை மடியில் கையைக் கோத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டிய எடுத்து வெய்யி," என்றாள் அம்மா. "அவரு சொல்லிட்டாரு. காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்பு."

என்னமோ கம்பெனியே அந்த ஒரு நிமிஷத்துக்காகத் தொடங்கியது போல இருந்தது. ஜன்னல் கம்பியில் கட்டிய துணி சற்று நெகிழ்ந்திருக்கும், தலை இறங்கியிருக்கும் என்று எனக்கும் மச்சானுக்கும் தெரியாமல் இல்லை. நெகிழ்ந்த துணி மறுபடி எப்படி இறுகி, தலை எப்படி நிமிர்ந்தது என்று நாங்கள் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமும் இல்லை. வெளியே வந்து ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, மச்சான் பீடி பற்றவைத்தார்.

"மாப்ள, ரெண்டு தடவ ஆட்டுனாரு, கவனிச்சியா?" என்றார். "ஒண்ணு தங்கச்சிக்கு. இன்னொண்ணு கம்பெனிக்கு."

தங்கை மறுநாள் வேலூருக்குப் போனாள். முதல் பஸ் நேரத்தை நான்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனி படம் எதுவும் எடுக்கவில்லை. மச்சான் சில காலம் வேறு சுருள் வாங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பானையைத் தோண்டி எடுத்துத் தன் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டார். ஜெனரேட்டர் திருநாள்களுக்குப் போயிற்று, அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போயிற்று. வெள்ளித் தாள் பலகைகளை மெட்ராஸ்காரர்கள் வந்தால் எடுத்துப்போவார்கள். கம்பெனி அப்படியே காலம் தள்ளியது.

தங்கை படிப்பு முடித்து அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். லீவில் வரும்போதெல்லாம் அம்மா, "நைனாவப் போடு" என்பாள். கொட்டகையை இருட்டாக்கி நான் போடுவேன். மூவரும் பார்ப்போம். அம்மாவுக்கு அது பாதிப் பூசை மாதிரி. தலையாட்டும் இடம் வரும்போது சிலுவை போட்டுக்கொள்வாள்.

அப்படி ஒரு லீவில், படம் முடிந்து, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயதாகி அவளுக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. நான் சுருளைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தேன். தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஏன் அதைச் சொல்லத் தோன்றியது என்று தெரியவில்லை.

"நீ அன்னைக்கி கட்டுன கட்டு நல்லா நெகிழ்ந்து குடுத்துச்சிம்மா," என்றேன்.

"நான் கட்டலண்ணா," என்றாள். "துணி பத்தல. கம்பிக்கு எட்டல. கையிலயே புடிச்சிக்கினு இருந்தேன்."

நான் சுற்றுவதை நிறுத்தினேன்.

"அவரு தல என் கையிலதான் இருந்துது. ஆடாதீங்க ஆடாதீங்கன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. நானும் அழுவைய அடக்கித்தான் பாத்தேன். முடியல." வெற்றுத் திரையைப் பார்த்தாள். "பின்னாடிதான நிக்கறோம், படத்துல தெரியாதுன்னு நெனச்சேன்."

அம்மா திரும்பிப் பார்த்து, "இன்னாடா பேச்சு? இன்னொருவாட்டி போடு," என்றாள்.

போட்டேன். நாங்கள் எல்லோரும் நின்றோம், கோழி வந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொள்ளத் தயாராகக் கையைத் தூக்கினாள். அந்தத் தடவை நான் நைனாவைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் ஆடிய போர்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.